எதிரியால் ஆன தேசம்

சொய் இன்-ஹுனின் 'சதுக்கம்' நாவலைப் பற்றி நம்மிடையே எப்போது பேச்சு வந்தாலும் அது ஒரு தற்கொலையின் கதையாகவே பேசப்படுகிறது. அந்நியமாதல், இருப்பின் அபத்தம், காம்யு, இத்யாதி. கடைசிப் பக்கத்தில் ஒருவன் கப்பலிலிருந்து காணாமல் போய்விடுகிறான் என்பதால், அந்தக் கடல் தென்சீனக் கடல் என்பதும், கப்பல் இந்தியக் கப்பல் என்பதும், அவன் ஒரு யுத்தக் கைதி என்பதும் வெறும் ஜோடனைகளாகிவிடுகின்றன. தத்துவத்துக்குப் பூகோளம் வேண்டியதில்லை என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வாசிப்பில் எனக்குச் சம்மதமில்லை. யீ மியோங்-ஜுன் சாவது மனிதனாகப் பிறந்த குற்றத்துக்காக அல்ல. 1945க்குப் பிறகு கொரியனாக இருந்த குற்றத்துக்காக. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் நாவலில் மிஞ்சுவது ஒரு சோகை பிடித்த இளைஞனும், இரண்டு பெண்களும், சில கடற்பறவைகளும்தான்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மியோங்-ஜுன் ஸியோலில் தத்துவ மாணவன். அப்பா கம்யூனிஸ்ட், வடக்கே போய்விட்டவர். அங்கிருந்து ரேடியோவில் தெற்கைத் தாக்கிப் பேசுகிறார். அதற்காக இங்கே மகனைப் போலீஸ் கூப்பிட்டு அடிக்கிறது. போலீஸ்காரர்கள் ஜப்பானியர் காலத்திலேயே இடதுசாரிகளை அடித்துப் பழகினவர்கள். அந்த நாட்களைப் பற்றி ஏக்கத்தோடு பேசிக்கொள்கிறார்கள். மியோங்-ஜுன் படகேறி வடக்கே போகிறான். அங்கே பத்திரிகை வேலை. கண்ணால் கண்டதை எழுதியதற்காகச் சகாக்கள் முன்னால் சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டியதாகிறது. யுத்தம் வருகிறது. வடக்குப் படையோடு தெற்கே வந்து, நக்தோங் ஆற்று முனையில் காதலியை இழந்து, பிடிபடுகிறான். சண்டை ஓய்ந்ததும் எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம், நடுநிலை நாடு ஒன்றுக்கு அனுப்புங்கள் என்கிறான். 'தாகூர்' என்ற கப்பலில் இந்தியாவுக்குப் புறப்படுகிறான். மக்காவ் பக்கத்தில் கப்பலில் ஒரு ஆள் குறைகிறது.

நாவலின் மையம் அந்தக் கடல் அல்ல என்பது என் கட்சி. மையம், விசாரணைக் கூடாரம். வடக்கின் அதிகாரிகள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நைச்சியமாகப் பேசுகிறார்கள். பென்ஷன், மரியாதை, தாய்நாடு. அவன் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறான். பிறகு தெற்கின் ஆட்கள். அதே நைச்சியம், அதே தாய்நாடு. பதிலும் அதே. இரண்டு பேச்சுகளையும் பெயர்களை நீக்கிவிட்டுப் படித்தால் எது யாருடையது என்று சொல்வது சிரமம். இதைக் கண்டுகொண்டதுதான் சொய்யின் சாதனை. பகைவர் இருவர் பேசும் மொழி ஒன்றாகவே இருக்கிறது.

இந்தக் கூடாரம் கற்பனையல்ல. 1949 ஜெனீவா உடன்படிக்கையின் 118வது ஷரத்து, சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றி விடுவித்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அமெரிக்கா, விருப்பமில்லாதவனைப் பலவந்தமாக அனுப்பமாட்டோம் என்றது. சீனாவும் வட கொரியாவும் அத்தனை பேரையும் திருப்பித் தந்தாக வேண்டும் என்றன. பேச்சுவார்த்தை 1951 ஜூலையில் தொடங்கியது. 1952 வசந்த காலத்துக்குள் மற்ற விஷயங்கள் பெரும்பாலும் முடிவாகிவிட்டன. ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1953 ஜூலை 27ல். மண்ணில் கோடு எங்கே போடுவது என்பதில் இணங்கிப் போனவர்கள், கைதி எந்த நாட்டான் என்பதில் இணங்க முடியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் சண்டையை ஓட்டினார்கள். அந்த ஒரு வருஷத்தில் செத்தவர்கள் எந்த மலைக்காகவும் சாகவில்லை. 'எங்கள் ஆள்' என்ற வார்த்தைக்கு யார் சொந்தக்காரர் என்பதற்காகச் செத்தார்கள்.

சுயநலம் ஒன்றே ராஜ்யங்களை நடத்துகிறது என்று நம்புகிறவர்கள் இதை எப்படி விளக்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் திரும்ப மறுத்து இந்தியப் படையின் பொறுப்பில் விடப்பட்டவர்கள் 22,604 பேர்; சீனர் 14,704, கொரியர் 7,900. கோடிக்கணக்கான ஜனங்கள் உள்ள சீனாவுக்கு இந்தப் பதினாலாயிரம் பேரால் என்ன குறைந்துவிடும்? ஆனால் ஒவ்வொருவனும் ஒரு சாட்சி. அவன் திரும்பி வரவில்லை என்றால், ஜனங்களின் அரசு என்று தன்னைச் சொல்லிக்கொள்வது பொய்யாகிவிடும். எதிர்த்தரப்புக்கு அதே மனிதன் அதே காரணத்தால் தங்கம். நான் வேலை பார்க்கும் இடத்தில், கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் ஆளே எதிரில் நின்றாலும் பணம் தருவதற்கில்லை. கொரியாவில் இரண்டு தரப்புக்கும் ஆள் இரண்டாம்பட்சம், கையெழுத்துதான் வேண்டியிருந்தது.

கையெழுத்து சில சமயம் உடம்பிலேயே போடப்பட்டது. முகாம்களில் சீனக் கைதிகளின் கைகளிலும் மார்பிலும் கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் கோஷங்கள் பச்சை குத்தப்பட்டன, பலருக்கு பலவந்தமாக. குத்தியபின் அவன் எந்த முகத்தோடு ஊருக்குப் போவான்? ஹா ஜின் 2004ல் எழுதிய 'வார் ட்ராஷ்' நாவலில் கைதியின் வயிற்றில் கம்யூனிஸத்தைத் திட்டி ஆங்கிலத்தில் குத்திவிடுகிறார்கள். சீனாவுக்குத் திரும்பியபின் நடுவில் சில எழுத்துகளை மட்டும் அழித்து, வசவு அமெரிக்காவின் மேல் விழும்படி செய்துவிடுகிறார்கள். வசவு அப்படியே இருக்கிறது, ஆள் அப்படியே இருக்கிறான். ஹா ஜின்னின் நாவல் மொத்தத்தில் ஒரு நீண்ட சாட்சி வாக்குமூலத்தின் வறட்சியோடு நகர்கிறது என்றாலும், இந்த ஒரு படிமத்துக்காக அதைப் படிக்கலாம். சொய்யிடம் இந்த மாதிரிச் சிரிப்பு கிடையாது. மன்ட்டோவிடம் உண்டு. 'டோபா டேக் சிங்'கில் பிஷன் சிங் இரண்டு முள்வேலிகளுக்கு நடுவே, பெயரில்லாத துண்டு நிலத்தில் விழுகிறான். மியோங்-ஜுனின் அண்ணன்தான் அவன். ஆனால் மன்ட்டோவின் ஆள் பைத்தியம், ஆகவே அவன் கேள்வி நியாயமாக இருக்கிறது. சொய்யின் ஆள் தத்துவம் படித்தவன். நாவல் அநேக இடங்களில் அந்தப் படிப்பால் கனத்துப்போகிறது.

இந்த ஒரே நைச்சியம், ஒரே மொழி எங்கிருந்து வந்தது? இரண்டு கொரியாக்களும் தங்களைப் பற்றி எழுதிவைத்துக்கொண்டதைப் பார்க்க வேண்டும். தெற்கின் 1948 அரசியல் சட்டம் தீபகற்பம் முழுவதையும் தன் எல்லை என்று சொல்லிற்று. மூன்றாவது ஷரத்தாக அது இன்றும் இருக்கிறது. வடக்கின் 1948 சட்டம் ஸியோலைத் தன் தலைநகர் என்றது. தன் கையில் இல்லாத ஊரைத் தலைநகராகக் கொண்ட ராஜ்யம்! 1972ல்தான் அதைப் பியோங்யாங் என்று மாற்றினார்கள். ஆக இருவருமே எதிரியை ஒரு நாடாக ஏற்கவில்லை. தன் வீட்டில் ஒரு அறையை அபகரித்துக்கொண்ட திருடனாகத்தான் பார்த்தார்கள். தெற்கில் வடக்கோடு உறவு வைத்துக்கொள்வதற்குத் தனி வாரியமே 1969ல் ஏற்படுத்தி, பிற்பாடு அதை அமைச்சகமாக்கினார்கள். வெளியுறவு இலாகாவிடம் அதை விடவில்லை, ஏனென்றால் வடக்கு 'வெளி' இல்லை. 1991 டிசம்பரில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் தங்கள் உறவு நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ளது அல்ல, ஒன்றுசேரும் வழியில் தற்காலிகமாக ஏற்பட்ட விசேஷ உறவு என்றே சொல்கிறது. இத்தனைக்கும் அதே வருஷம் செப்டம்பரில் இரண்டு பேரும் தனித்தனி நாடாக ஐ.நா.வில் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த 'நான்தான் நிஜம்' என்ற பிடிவாதம் மற்ற நாடுகளையும் விடவில்லை. வடக்கை அங்கீகரிக்கும் நாட்டோடு தெற்கு பல வருஷம் உறவை முறித்துக்கொள்ளும் கொள்கை வைத்திருந்தது. மேற்கு ஜெர்மனி 1955லிருந்து கடைப்பிடித்த ஹால்ஸ்டைன் கோட்பாட்டின் நகல் அது. 1973 ஜூனில்தான் பார்க் சுங்-ஹீ அதைக் கைவிட்டார். லாப நஷ்டக் கணக்குப் பார்த்தால், ஆப்பிரிக்காவில் புதிதாக விடுதலையடைந்த நாடுகளின் நட்பை இப்படி வீணாக்குவதில் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது.

இதையெல்லாம்விட என்னை நிறுத்தியது ஒரு தேதி. 1972 ஜூலை 4ல் வடக்கும் தெற்கும் முதல் தடவையாகச் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன. ஒற்றுமை, சமாதானம், அந்நியர் தலையீடின்மை. அக்டோபரில் பார்க், ஒன்றிணைப்புக்கு நாட்டைத் தயார் செய்ய வேண்டும் என்று காரணம் காட்டி ராணுவச் சட்டம் போட்டார். டிசம்பர் 27ல், தன்னை ஆயுள் ஜனாதிபதியாக்கிக்கொள்ளத் தோதான அரசியல் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். அதே டிசம்பர் 27ல் பியோங்யாங்கில் கிம் இல்-ஸுங்குக்கு ஜனாதிபதி பதவியை உண்டாக்கித் தந்த புதுச் சட்டம் நிறைவேறியது. சமாதானத்துக்காகக் கை நீட்டிய ஆறு மாதத்துக்குள் இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் கதவு சாத்தப்பட்டது. எதிரியோடு சண்டை போடவும் எதிரி வேண்டும், எதிரியோடு சமாதானம் பேசவும் எதிரி வேண்டும். இரண்டிலும் ஆதாயம் வீட்டுக்குள்தான். இது நடக்கப் பன்னிரண்டு வருஷம் முன்பே சொய் இதை நாவலாக எழுதிவிட்டார்.

எப்படி என்று சொல்கிறேன். நாவல் இரண்டு இடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறது. ஒன்று சதுக்கம், அதாவது ஜனங்கள் கூடும் இடம். இன்னொன்று மனிதன் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும் ரகசிய அறை. தெற்கில் எல்லோரும் தங்கள் அறைக்குள் திருடிச் சேர்த்ததை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், சதுக்கம் காலி. வடக்கில் சதுக்கம் நிரம்பி வழிகிறது, ஆனால் அங்கே நிற்கிறவர்களுக்கு வீடு இல்லை, முகம் இல்லை. இதை எல்லோரும் எடுத்துக்காட்டிவிட்டார்கள். யாரும் சொல்லாதது, இரண்டு வறுமைக்கும் காரணம் ஒன்றே என்பது. மியோங்-ஜுனுக்குத் தெற்கில் அறைகூட மிஞ்சவில்லை, ஏனென்றால் அப்பாவின் குரல் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது. எதிரி ரேடியோவில் பேசுகிறான், போலீஸ் இங்கே இருப்பவனின் முகத்தில் குத்துகிறது. மகன் என்ற ஒரு உறவு வெளிநாட்டுச் சதியாகிவிடுகிறது. வடக்கில் அவன் எழுதிய செய்தி தப்பு, ஏனென்றால் எதிரி அதைப் படித்துச் சந்தோஷப்படக்கூடும். எதிரியின் காது எப்போதும் கதவோரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசும் ஒரு சமூகத்தில் யாரும் யாரோடும் பேசமுடியாது. பிறகு சதுக்கம் எங்கே, அறை எங்கே?

எல்லாம் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆடிய ஆட்டம், கொரியர்கள் வெறும் காய்கள் என்று சிலர் சொல்வார்கள். 38வது ரேகையைப் போட்டது அவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் காய்கள் தாமாகவே நகர்ந்ததையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, 1953 ஜூன் 18ல், ஸிங்மன் ரீ தன் எஜமானர்களைக் கேட்காமலே சுமார் 27,000 கைதிகளை முகாம்களிலிருந்து திறந்துவிட்டார். ஒப்பந்தத்தில் தெற்கு கையெழுத்திடவும் இல்லை. ரஷ்யா என்ற ஆட்டக்காரர் 1991ல் மேஜையைவிட்டே எழுந்து போய்விட்டார், ஆட்டம் நிற்கவில்லை. ஜெர்மனியில் ஆட்டக்காரர் எழுந்ததும் முடிந்துவிட்டதே என்று கேட்கலாம். அங்கே இரண்டு பாதிகளும் ஒன்றை ஒன்று கொன்றதில்லை. கொரியாவில் மூன்று வருஷம் கொன்றார்கள். அந்த ரத்தம்தான் இரண்டு அரசுகளுக்கும் அஸ்திவாரம், பின்னால் வந்த எல்லாக் கொள்கைகளும் அதன்மேல் எழுந்தவை.

இனி இந்தியா. நடுநிலை என்ற வார்த்தைக்குக் கொரியாவில் ஒரு விசித்திரமான அர்த்தம் இருந்தது. யுத்தத்தில் தன் சண்டைப் படையை அனுப்பாத நாடு நடுநிலை நாடு. ஆகவே ஸ்வீடனும் ஸ்விட்சர்லாந்தும் நடுநிலை, போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் நடுநிலை. இந்த நால்வரோடு இந்தியாவும் சேர்ந்த கைதிகள் கமிஷனுக்குத் தலைமை இந்தியாவின் திம்மய்யா. கைதிகளைக் காத்தது தோரத்தின் கீழ் இருந்த இந்தியப் படை. ஸிங்மன் ரீ, இந்தியச் சிப்பாயின் கால் தெற்கின் மண்ணில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். இன்சோன் கரையில் வந்து நின்ற கப்பல்களிலிருந்து சிப்பாய்களை ஹெலிகாப்டரில் தூக்கிப் போய் ராணுவம் விலக்கிய பிரதேசத்தில் இறக்க வேண்டியதாயிற்று. ரீக்கு நடுநிலை என்று ஒன்று இருக்கவே முடியாது. என்னோடு இல்லாதவன் அவனோடு இருக்கிறான். இந்தப் பார்வையில் மியோங்-ஜுனின் பதில் ஒரு பதிலே அல்ல, அபசப்தம். நேருவின் இந்தியாவுக்கோ அணி சேராமை வெறும் ராஜதந்திரம் அல்ல, தான் யார் என்பதற்கே அதுதான் விடை. கொரியாவில் அது கிட்டத்தட்ட முதல் பரீட்சை. ஆக அந்தக் கூடாரத்தில் சந்தித்தவை இரண்டல்ல, மூன்று சுயரூபங்கள்.

நாவல் இங்கேதான் தவறுகிறது என்று நினைக்கிறேன். சொய் கப்பலுக்குத் 'தாகூர்' என்று பெயர் வைக்கிறார். தாகூர் 1929ல் கொரியாவைப் பற்றி எழுதிக் கொடுத்த நாலு வரிக் கவிதையைப் படித்த கொரியர்கள் அநேகம், ஆகவே அந்தப் பெயரில் ஒரு நன்றி இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. போய்ச் சேர வேண்டிய நாட்டைப் பற்றி மியோங்-ஜுனுக்கு ஒரு கனவுகூட உருப்படியாக வருவதில்லை. யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு ஊரில் ஏதோ சில்லறை வேலை பார்க்கும் ஆசைதான். 'எதிரி இல்லாத இடம்' என்பதற்குமேல் இந்தியாவுக்கு அர்த்தம் கிடையாது. எதிரியாலேயே ஆன ஒரு மனசு எதிரி இல்லாத இடத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாது என்று சொய் வேண்டுமென்றேதான் இப்படி எழுதினாரா? அப்படி எடுத்துக்கொண்டால் அது பலம். எனக்கு அவ்வளவு தாராளம் வரவில்லை. அவருக்கு இந்தியா தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை.

நிஜத்தில் நடந்தது வேறு. 22,604 பேரிலும், மறுபக்கம் இதேபோல் ஊர் திரும்ப மறுத்த 359 பேரிலுமாகச் சேர்த்து, இரண்டு பக்கமும் வேண்டாம் என்றவர்கள் 88 பேர். அவர்களில் 76 பேர் கொரியர், 12 பேர் சீனர். 1954 பிப்ரவரியில் அவர்கள் வந்து இறங்கியது நம் சென்னைத் துறைமுகத்தில். யாரும் கடலில் குதிக்கவில்லை. இங்கிருந்து ரயிலேறி டெல்லி போனார்கள். சில வருஷங்களில் பெரும்பாலோர் பிரேஸிலுக்கும் அர்ஜென்டீனாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள், கொஞ்சம் பேர் இங்கேயே தங்கினார்கள். துறைமுக மேடையில் வெயிலில் நின்ற அந்த எழுபத்தாறு பேர், செத்துப்போன மியோங்-ஜுனைவிடக் கஷ்டமான நாவலுக்கு விஷயம். எதிரி இல்லாமல் வாழ்வது எப்படி என்று அவர்கள் தினசரி கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது.

பறவைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாவல் 1960 நவம்பரில் பத்திரிகையில் வந்தது. அந்த ஏப்ரலில் மாணவர் புரட்சி ரீயை விரட்டியிருந்தது. 1961 மே மாதம் பார்க்கின் ராணுவம் வந்துவிட்டது. நடுவில் திறந்திருந்த அந்த ஒரு வருஷம் இல்லாவிட்டால் இந்த நாவல் வந்திராது, 1948 தேசப் பாதுகாப்புச் சட்டம் இதை விட்டிராது. பிறகு சொய் பல தடவை திருத்தினார். முதல் வடிவத்தில் கப்பலைத் தொடர்ந்து வரும் இரண்டு பறவைகள் இரண்டு பெண்கள்: தெற்கில் அவன் விட்டுவந்த யுன்-ஏ, வடக்கில் அவன் இழந்த யுன்-ஹ்யே. 1976 பதிப்பில் அவை யுன்-ஹ்யேயும் அவள் வயிற்றிலேயே மாண்ட பெண் குழந்தையும் ஆகிவிடுகின்றன. அவன் கடலில் இறங்குவது சாவாக இல்லாமல் மனைவி மகளிடம் போய்ச்சேர்வதாக மாறிவிடுகிறது. காதல் கொள்கையை வென்றது என்று இதை மெச்சுகிறவர்கள் உண்டு. என் அபிப்ராயத்தில் இது நஷ்டம். பெண்ணை ஊராகவும் புகலிடமாகவும் ஆக்கிவிடும் அந்தப் பழைய சோம்பல் முதல் வடிவத்திலும் இருக்கிறதுதான். ஆனால் அங்கே பறவை பக்கத்துக்கு ஒன்று. தெற்கும் வடக்கும் அவனைக் கடலிலும் துரத்துகின்றன. திருத்தியபின் துரத்துவது அரசியல் அல்ல, துக்கம். நம்மவர்களின் தற்கொலை வாசிப்புக்கு இடம் கொடுத்ததும் இந்தத் திருத்தம்தான். 1976ல், பார்க்கின் சட்டத்தின் கீழ், வேறு எப்படித் திருத்த முடியும் என்ற கேள்வியும் இருக்கிறது.

2023 டிசம்பர் கடைசியில் கிம் ஜோங்-உன், வடக்கும் தெற்கும் இனி ஒரே ஜனமல்ல, பகைமை கொண்ட இரண்டு நாடுகள் என்று அறிவித்தார். அடுத்த மாதமே தெற்கோடு பேசுவதற்கென்று இருந்த ஸ்தாபனங்கள் கலைக்கப்பட்டன. பியோங்யாங்கில் நின்ற ஒன்றிணைப்பு வளைவும் இடிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் எல்லையை ஒட்டிய சாலைகளை வெடிவைத்துத் தகர்த்ததோடு, அரசியல் சட்டம் தெற்கைப் பகை நாடு என்று வரையறுப்பதாக அரசுச் செய்தி நிறுவனம் சொல்லிற்று. கிழக்கு ஜெர்மனியும் 1974ல் தன் சட்டத்திலிருந்து ஜெர்மன் தேசம் என்ற பேச்சை நீக்கியது, பதினாறு வருஷம் கழித்து அந்த நாடே நீங்கிப்போயிற்று. எழுபத்தைந்து வருஷம் 'நாம் ஒன்று' என்பதன் பேரில் பகைத்தவர்களில் ஒருவர் இப்போது 'நாம் வேறு' என்பதன் பேரில் பகைக்கப் போகிறார். தென் கொரியாவின் மூன்றாவது ஷரத்து மட்டும் தன்பாட்டுக்கு இருக்கிறது. சொய் பிறந்த ஊர் ஹோயிரியோங், சீன எல்லையோரம். 1950 டிசம்பரில் வொன்ஸானிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறித் தெற்கே வந்தவர் அவர். 2018 ஜூலையில் இறந்தார். தெற்கின் சட்டப்படி ஹோயிரியோங் அவருடைய நாட்டில்தான் இருக்கிறது.

நான் படித்தது ஆங்கிலத்தில். கொரிய மொழி தெரிந்தவர் யாராவது அகப்பட்டால், நாவல் முழுவதையும் வேண்டாம், பறவைகள் வரும் பக்கங்களை மட்டும் 1960 வடிவத்திலும் 1976 வடிவத்திலும் நேராகத் தமிழில் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும். ஒரு இதழில் நாலைந்து பக்கம்தான் பிடிக்கும்.